மூழ்கிய சங்கிலி

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் அப்பாவின் கல்யாண மொய் நோட்டு இருக்கிறது. நீளவாக்கிலான பழைய கணக்கு நோட்டு. முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் தொட்டு வைத்த மஞ்சள் இப்போது காவியேறிக் கிடக்கிறது. பிள்ளையார் சுழிக்குக் கீழே 1971 என்று வருஷம். அப்புறம் ஊர்வாரியாகப் பெயர்கள். 5 ரூபாய், 11 ரூபாய், எங்கோ ஓரிடத்தில் 25 ரூபாய். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் பொருளாகச் செய்திருக்கிறார்கள்: எவர்சில்வர் தூக்கு 1, பித்தளைக் குடம் 1, அரை மூட்டை நெல். பல பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக் இருக்கும். அந்த வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பிச் செய்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கம் இதற்குச் செய்முறை என்று பெயர். டிக் விழாத பெயர்கள் அப்பாவைத் தூங்கவிடாது. யார் வீட்டிலாவது காது குத்து, சடங்கு என்று காதில் விழுந்ததும் நோட்டை எடுத்து விரல் வைத்துத் தேடுவார்.

மூன்றாம் பக்கத்தில் அத்தையின் பெயர் இருக்கிறது. அப்பாவின் ஒரே அக்காள். பெயருக்கு நேரே தொகை இல்லை. எழுதியவர் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறார். அத்தை அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க அத்த செஞ்சத எந்த நோட்டுலடி எழுதுறது?" என்றாள் அம்மா.

குடும்பக் கதைகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கோடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற நாவல்களையும் சிறுகதைகளையும், அந்தக் கோட்டுக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

கடன் என்ற சொல்லை எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறோம். வங்கியில் வாங்குவதும் கடன். செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது நீர்க்கடன். சாமிக்கு மொட்டை போடுவது நேர்த்திக்கடன். விடிந்ததும் முடிக்க வேண்டியது காலைக்கடன். வாங்கியதைத் திருப்புவதற்கும், வாங்காமலே செய்து தீர வேண்டியதற்கும் நம்மிடம் ஒரே சொல். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஐந்து பேருக்கு ஐந்து கடன் வைக்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தகப்பனுக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது அரசனுக்கு, யானையை வீழ்த்தி மீண்டு வருவது மகனுக்கு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எவ்வளவு ஒழுங்கான உலகம் என்று இருந்தது. வயது ஏறிய பிறகு படித்தால் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பாட்டில் மகள் இல்லை. அவளுக்கென்று யாருக்கும் கடமை வைக்கவில்லை, அவளுக்கும் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் வீட்டில் யாரோ எப்போதோ பட்டதை அடைக்க வேண்டிய நாள் வந்தால் முதலில் திரும்பிப் பார்க்கப்படுகிறவள் அவள்தான்.

அத்தையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1965இல் அப்பாவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. தாத்தா கையில் காசில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்த அத்தை, மாமாவுக்குத் தெரியாமல், தன் மூணு பவுன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடைக்குப் போன சங்கிலி வட்டி கட்ட வழியில்லாமல் மூழ்கிப்போனது. அதற்காக மாமா அவளை எத்தனை நாள் அடித்தார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிய வந்தது. அப்பா வாத்தியார் ஆனார். 1975இல், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதே மூணு பவுனில் அதே இரட்டை வடத்தில் ஒரு சங்கிலி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை வாங்கிக்கொண்டாள். அவள் அதைக் கழுத்தில் போட்டு யாரும் பார்த்ததில்லை.

1993இல் அத்தை தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைத் தன் மகனுக்குக் கேட்டு. முறை மாப்பிள்ளை. உரிமையோடு கைப்பிடித்துக் கூட்டிப் போகலாம் என்றுதான் ஊர் நினைத்தது. நான் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மேலே படிக்கணும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள படிக்கட்டும்க்கா" என்றார். அத்தை சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாம்பாளத்திலிருந்த பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். வெற்றிலை பாக்கையும் பழத்தையும் துண்டு போட்டு மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அதற்கப்புறம் 19 வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

நான்தான் அந்த மூணு பவுன் என்று அப்போது நினைத்தேன். படிக்கப் போன இடத்தில், விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜெயகாந்தனைப் படித்தபோது அந்த நினைப்பு என்னை இன்னும் அழுத்தியது.

'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண், ஏறச் சொல்கிற கார், அலங்கோலமாக வீடு திரும்புகிற மகள். பதறிப்போன தாய் தன்னை அடக்கிக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அந்தத் தண்ணீரைப் பொறுக்காமல் அன்றைக்குச் சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். சரி, அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டிருந்தால் மகள் கதி என்ன என்று கேட்டு ஜெயகாந்தன் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். இதில் தாய் கத்திவிடுகிறாள். தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கை கங்காவை வீட்டை விட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூரிலிருந்து வெங்கு மாமா வந்து கங்காவைக் கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறார்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் கங்காவையும் அந்தக் கார்க்காரன் பிரபுவையும் பற்றியே பேசுகிறார்கள். என்னைத் தூங்கவிடாதவர் வெங்கு மாமா. தாய்மாமன், வக்கீல், ஊர் மெச்சுகிற பெரிய மனுஷன், சாஸ்திரம் தெரிந்தவர். போக்கிடம் இல்லாமல் நின்ற பெண்ணுக்குச் சோறு போட்டுப் பட்டம் வாங்கவைத்து உத்தியோகத்தில் உட்காரவைத்தவர். அதில் எதுவும் பொய்யில்லை. அதே கைதான் அவள் தோளைத் தொடும்போது நீள்கிறது. அந்தத் தொடுகையில் ஒரு கடன்காரனின் உரிமை இருக்கிறது. கங்கா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறாள். காரணம், இந்த மனிதர் இல்லாவிட்டால் அவள் தெருவில் நின்றிருப்பாள் என்பது அவளுக்கும் தெரியும். நன்றியும் அருவருப்பும் ஒரே ஆள்மேல், ஒரே நேரத்தில். இதைத்தான் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெங்கு மாமாவை வெறும் அயோக்கியனாக எழுதியிருந்தால் ஜெயகாந்தனுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் கொடுத்த சோற்றையும் நாவல் மறக்கவில்லை என்பதால்தான் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது.

என் அத்தை வெங்கு மாமா இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு நாவல் தேவைப்பட்டது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. அதைக் கள்ள உறவின் கதை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. நான் படித்த 'அம்மா வந்தாள்' ஒரு தாய் தன் கணக்கை மகனை வைத்து நேர்செய்யப் பார்த்த கதை. அலங்காரத்தம்மாள் புருஷன் தண்டபாணியோடு வாழ்ந்துகொண்டே சிவசுவையும் வீட்டுக்குள் வரவிடுகிறவள். வீட்டின் இளைய பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பது வீட்டுக்கே தெரியும். அவள் மகன் அப்புவைக் காவேரிக் கரைப் பாடசாலைக்கு அனுப்புகிறாள். பதினாறு வருஷம் அவன் அங்கே வேதம் சொல்கிறான். அவன் ரிஷியாக வருவான், அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் கழுவிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருக்கிறாள்.

பதினாறு வருஷம் என்பதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் பையன் தலையில் குடுமியோடு, விடியற்காலையில் ஆற்றில் முங்கி எழுந்து, தொண்டை வறள ஓதிக்கொண்டிருக்கிறான். எதற்காக ஓதுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவன் ஓதுகிற ஒவ்வொரு நாளும் பட்டணத்து வீட்டில் வேறு ஒருவருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இதைவிடப் பெரிய அநியாயத்தை ஒரு தாய் பிள்ளைக்குச் செய்ய முடியுமா என்று முதல் வாசிப்பில் கொதித்தேன். ஆனால் ஜானகிராமன் அலங்காரத்தைப் பார்க்கிற பார்வையில் துளி வெறுப்பு இல்லை. அவளுடைய நடை, நிற்கிற நிமிர்வு, குரல் எல்லாவற்றையும் வியப்போடு எழுதுகிறார். தண்டபாணியோ எல்லாம் தெரிந்த மனிதர். ஜாதகக் கட்டங்களுக்குள்ளும் வேதாந்தப் பாடத்துக்குள்ளும் ஒதுங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார். அவருடைய மௌனம் பெருந்தன்மையா, கோழைத்தனமா, அல்லது அவள்மேல் வைத்த பிரியமா? நான் நாலு முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது.

பாடசாலை நடத்தும் பவானியம்மாளின் வீட்டில் இந்து இருக்கிறாள். சின்ன வயதிலேயே விதவையானவள். அப்புவையே நினைத்துக்கொண்டிருப்பவள். கடைசியில் அப்பு அவள் பக்கத்தில்தான் நிற்கிறான். அலங்காரம் வந்து பார்க்கிறாள். மகன் ரிஷி ஆகவில்லை, தன்னைப் போலவே ஆசை உள்ள மனிதனாக, தன் பிள்ளையாகவே நிற்கிறான் என்று தெரிகிறது. அவள் காசிக்குக் கிளம்புகிறாள். செலுத்த நினைத்தது செல்லவில்லை. இனி தன் உடம்பைத்தான் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். பழைய கதைகளில் பாவம் செய்த தாய் ஒன்று தண்டனை வாங்குவாள் அல்லது மன்னிப்பு வாங்குவாள். இவளுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. மகனை மட்டும் அவளால் விடுவிக்க முடிந்தது, அதுவும் அவள் விரும்பியபடி அல்ல.

இதைப் படித்த ராத்திரிதான் அப்பா திண்ணையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்குப் புரிந்தது. அக்காள் தன்னைக் கேட்டிருந்தால் அவர் உயிரைக் கொடுத்திருப்பார். மகளைக் கொடுத்துத் தன் கடனைத் தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை. அத்தையும் கடனை வசூல் பண்ண வரவில்லை. தம்பி வீட்டோடு ஒட்டிக்கொள்ள இன்னொரு கயிறு போட வந்தாள். இரண்டும் நியாயம். இரண்டு நியாயமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன.

2002இலிருந்து 2005 வரை 'மெட்டி ஒலி' ஓடிய நாட்களில் அம்மா வேலையையெல்லாம் ஏறக்கட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்குகிற தகப்பனுக்காக அவள் அழுத அழுகை நிஜம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. சீர் போதவில்லை என்று சொல்லிக்காட்டப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள், அவர்களும் அந்தத் தொடரைத்தான் பார்த்தார்கள். பொதுவாக நெடுந்தொடர்களில் எனக்குள்ள குறை ஒன்றுதான். தினமும் ஓட வேண்டிய கதைக்கு அவசரமாக ஒரு குற்றவாளி தேவைப்படுகிறது. வீட்டில் உள்ள அத்தனை பேரின் பாரத்தையும் ஒரு மாமியார்மேலோ நாத்தனார்மேலோ இறக்கி வைத்துவிடுகிறார்கள். அவள் திருந்தினால் கதை முடிந்தது. அந்த மாமியார் எந்த வீட்டில் என்ன பட்டுவிட்டு இங்கே வந்தாள் என்று கேட்க அரை மணி நேரத்தில் இடமில்லை.

பூமணியின் 'வெக்கை'யில் கணக்கு ரத்தக் கணக்கு. 1982இல் வந்த நாவல், 'அசுரன்' படத்துக்கு மூலம். நிலத்துக்காக அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிடுகிறான். கையை எடுக்கத்தான் நினைத்தான், உயிரே போய்விடுகிறது. பழி தீர்ந்த கணக்கு முதல் பக்கத்திலேயே முடிந்துபோகிறது. மிச்ச நாவல் முழுக்க அய்யாவும் மகனும் காட்டுக்குள் அலைகிறார்கள். அய்யா மூன்று கல் கூட்டிச் சோறாக்குகிறார். மகன் தூங்கும்போது விழித்திருக்கிறார். அந்தப் பையனை அவர் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. தான் செய்ய வேண்டியதை மகன் செய்துவிட்டான் என்ற குறுகுறுப்பு அவர் செய்கிற ஒவ்வொரு காரியத்திலும் இருக்கிறது. ஒரு தகப்பன் மகனுக்குப் பொங்கிப் போடுகிற கஞ்சியில் இவ்வளவு பேச முடியும் என்று எனக்குக் காட்டியவர் பூமணி. அம்மாக்கள் மட்டுமே குடும்பக் கதையின் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்த மொழியில் அய்யா அடுப்பு மூட்டுகிறார்.

அடுப்பங்கரை என்றதும் அம்பையை விட்டுவிட்டுப் போக முடியாது. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' நடக்கிற வீடு அஜ்மீரில் இருக்கிறது. தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி, இருட்டடைந்த சமையலறையைக் கொஞ்சம் பெரிசாக்கக் கூடாதா என்று கேட்கிறாள். பெரிய வீட்டில் எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது, அதற்கு இல்லை. அந்த இருட்டுக்குள் எத்தனை ஆயிரம் ரொட்டி சுடப்பட்டது என்று எந்த நோட்டிலும் பதிவில்லை. ஆனாலும் அந்த அடுப்பும் சாவிக்கொத்தும்தான் மாமியார் ஜீஜிக்குத் தெரிந்த ராஜ்ஜியம். படுக்கையில் கிடக்கிற ஜீஜியிடம், இதெல்லாம் இல்லாமல் நீங்கள் யார் என்று மீனாட்சி மெல்லக் கேட்கிற இடத்தில் மாமியார் மருமகள் என்ற பழைய சண்டைச் சட்டகம் கழன்று விழுகிறது. இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்க'ளையும் சொல்ல வேண்டும். 1977இல் வந்தது. ஏழைப் பட்டதாரி சிவதாணு பணக்கார வீட்டு மாப்பிள்ளையாகிறான். மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் ஒவ்வொரு கவளமும் எண்ணிப் போடப்பட்டதாக அவனுக்குத் தொண்டையில் நிற்கிறது. விலை கொடுத்து வாங்கப்பட்ட ஆண்களின் அவமானத்தை அவ்வளவு நேராகச் சொன்ன நாவல் அதற்கு முன் நான் படித்ததில்லை.

கணக்கே வைக்காத வீடும் தமிழில் இருக்கிறது. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்குச் சிறுமி மங்கம்மாளின் வீட்டில் எண்ணி எடுத்த துணிகள். அப்பாவுக்கென்று ஒரு துண்டு. உடம்பெல்லாம் சிரங்கோடு, கட்டத் துணியில்லாமல், யாருமற்ற ஒரு பையன் வாசலில் வந்து நிற்கிறான். பெயர் ராஜா. தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு நிறுத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அப்பாவின் துண்டு அவனுக்குப் போகிறது. தன் வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்று பீற்றிக்கொள்கிற பக்கத்து வீட்டுச் சிறுவனிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்கிறாள் மங்கம்மாள். இந்தக் கதையைப் பாடம் நடத்துகிற ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் தழுதழுத்துவிடும். ரத்தத்துக்கு வெளியேயிருந்து வந்த ஒருவனுக்காகத்தான் அந்தக் குடும்பம் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறது. உள்ளே இருக்கிறவர்களுக்குள் அப்படிக் கொடுத்துக்கொள்ள முடிவதில்லையே, ஏன்?

பஞ்சம் வந்தால் அந்த வாசல் என்ன ஆகும் என்பதற்கு வண்ணநிலவன் 'எஸ்தர்' எழுதினார். மழையில்லை, தானியமில்லை, ஊரே காலியாகிறது. அந்த வீட்டின் பாரத்தையெல்லாம் சுமக்கிற எஸ்தர் சித்தி யார் யார் எங்கே போவது என்று தீர்மானிக்கிறாள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு ராத்திரி கழிகிறது. விடியும்போது பாட்டி இல்லை. என்ன நடந்தது என்று வண்ணநிலவன் சொல்லவில்லை, நமக்குத் தெரிந்துவிடுகிறது. அடக்கம் முடித்துவிட்டு எல்லாரும் கிளம்புகிறார்கள். எஸ்தரை நான் ஒருநாளும் கொலைகாரி என்று நினைத்ததில்லை. அவள் செய்தது சரி என்றும் சொல்ல முடிந்ததில்லை. அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை. இனி எந்த ஊருக்குப் போனாலும் அவர்களுக்குச் சோறு போடப்போகிறவளும் அவள்தான்.

2012இல் அப்பா போனார். சேதி சொல்லி அனுப்பலாமா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே தலைமாட்டுக்குப் போனாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "மதினி" என்று மட்டும் அம்மா சொன்னது கேட்டது. அப்புறம் அத்தை ஒப்பாரி வைத்தாள்.

ஒப்பாரியை அழுகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகக் கேட்டேன். அவள் தம்பியிடம் பேசினாள். கண்மாய் நிரம்பிய வருஷம் தன்னைத் தம்பி தோளில் தூக்கிக் கரை சேர்த்ததைச் சொன்னாள். தன் சீமந்தத்துக்கு அவர் வாங்கி வந்த வளையலின் நிறத்தைச் சொன்னாள். பிறகு சங்கிலியைச் சொன்னாள். 47 வருஷமாக ஒரு ஜீவனிடமும் சொல்லாததை, ஊர் முழுக்கக் கூடியிருக்க, ராகம் போட்டுச் சொன்னாள். மூழ்கிய சங்கிலி, முதுகில் விழுந்த அடி, திருப்பித் தந்த சங்கிலி, அதைப் போட முடியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது. தான் பூ வைத்துவிட்டுத் திரும்பிய என் தலையையும் சொன்னாள். திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று பிரித்தறிய முடியாத பாட்டு. சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வோர் அடிக்கும் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. அவரவர் அண்ணன் தம்பிகளின் தலைமாட்டில் அவரவர் சொல்லியதுதான்.

அச்சும் பத்திரிகையும் வருமுன்பே நம் பெண்களிடம் குடும்ப நாவல் இருந்திருக்கிறது. இழவு வீட்டில் மட்டும் அரங்கேறுகிற நாவல். உயிரோடு இருக்கிறவரிடம் சொல்ல முடியாததைச் சொல்லவே அந்த வடிவம் உண்டாகியிருக்க வேண்டும். எவனும் குறுக்கே பேச முடியாது, கேட்க வேண்டியவர் எழுந்து போகவும் முடியாது. அதில் யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. அத்தை பாடி முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "காபித்தண்ணி போட்டாகளா, புள்ளைக பசியா இருக்குமே" என்று அடுப்படிக்குப் போனாள். ஜானகிராமனும் ஜெயகாந்தனும் பூமணியும் அந்தத் தலைமாட்டில் எங்கோ உட்கார்ந்து கேட்டவர்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் நன்றாக இருக்கிறது. சென்ற வருஷம் இமையத்தின் 'செல்லாத பணம்' கொண்டுபோய்க் கொடுத்தேன். 2018இல் வந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பையன். தீக்காயத்தோடு அவளைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவருகிறார்கள். நாவலில் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. தகப்பன் நடேசன் தலைமை ஆசிரியர். கையில் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டத் தயார், வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. மகள் கேட்டபோது பேசாமல் இருந்த வருஷங்களை எந்தக் கவுன்ட்டரில் கட்டுவது? தாய் அமராவதி அந்த வராந்தாவில் உட்கார்ந்து பேசுகிற பேச்சில் எனக்கு அத்தையின் ஒப்பாரி கேட்டது.

அம்மா பத்து நாளில் படித்து முடித்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. புத்தகத்தைச் சாமி படத்துக்குக் கீழே, அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து நான் போயிருந்தபோது முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அந்தப் புள்ளைகள இப்ப யாரு வளக்குறா?"

எந்தப் பிள்ளைகள் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

"அதான், ரேவதி புள்ளைக."

கதை அதோடு முடிந்துவிட்டதே அம்மா என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. "அந்த வாத்தியார்தான் கொண்டுபோயிருப்பாரு. மனசு கேக்காதுல்ல. ஆனா அந்தப் பய சாடை இருக்குமே முகத்துல. சோறு போடும்போதெல்லாம் பாக்கணுமே" என்றாள். கையில் இருந்த காம்பை உருவி முடித்துவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள். "அமராவதிதான் பாவம். நடுவுல நிக்கணும்."